ஜன்னலோரத் தாயத்து

எந்த ஊர் நர்சரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசலிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஒல்லி ஒல்லியாக இலை. இலை நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. தொட்டியிலிருந்து நாலைந்து காம்புகள் நூல் விட்ட மாதிரி கீழே இறங்கியிருக்கும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு குட்டிச் செடி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும், சிலந்தி தன் நூலில் இறங்குகிற மாதிரி. ஸ்பைடர் பிளான்ட்.

என்ன விலை என்று நீங்கள் கேட்பதற்குள் கடைக்காரர் சர்டிஃபிகேட்டை எடுத்து நீட்டிவிடுவார். ‘ஏர் பியூரிஃபையர் சார் இது. பெட்ரூம்ல ஒண்ணு வெச்சாப் போதும், கெட்ட காத்தெல்லாம் இழுத்துடும். நாசாவே சொல்லியிருக்கான் சார்.’

நாசா! நிலாவுக்கு ஆளனுப்பிய நாசா. அதற்குமேல் பேரம் பேச யாருக்காவது வாய் வருமா?

நாசா சொன்னது நிஜம்தான். ஆனால் எதைச் சொன்னது, எங்கே வைத்துப் பார்த்துச் சொன்னது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. அது புரியவேண்டுமானால் இருநூற்றைம்பது வருஷம் பின்னால் போகவேண்டும். ஆப்பிரிக்காவின் தென்கோடிக்கு.

*

வருஷம் 1772. இன்றைய கேப் டவுனில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலிலிருந்து ஓர் இளைஞர் இறங்கினார். பெயர் கார்ல் பீட்டர் துன்பெர்க். ஸ்வீடன்காரர். வயது 28. உத்தியோகம், கப்பல் வைத்தியர். மனசெல்லாம் செடி. உலகத்து உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தாரே லின்னேயஸ், அவருடைய நேரடி சீடர்.

உண்மையில் இவர் போய்ச் சேரவேண்டிய இடம் ஜப்பான். அன்றைய ஜப்பானோ ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் கதவைத் திறக்காது. ஆகவே டச்சுக்காரர் மாதிரி பேச, பழகத் தெரிந்தாகவேண்டும். கேப் அப்போது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே கொஞ்சகாலம் தங்கி பாஷையைப் பிடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று ஏற்பாடு.

கொஞ்சகாலம் என்பது மூன்று வருஷமானது. பாஷையும் வந்தது. கூடவே பெட்டி பெட்டியாகச் செடிகளும் சேர்ந்தன. உள்நாட்டுக்குள் மூன்று நீண்ட பயணங்கள் போய், கண்ணில் பட்டதையெல்லாம் பறித்து, அழுத்திக் காயவைத்து, குறிப்பெழுதி வைத்தார் மனிதர். பின்னாளில் தென்னாப்பிரிக்கத் தாவரவியலின் தந்தை என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

1794-ல் கேப் பிரதேசத்துச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் முதல் பகுதி வெளிவந்தது. அதில்தான் நமது செடி ஐரோப்பிய விஞ்ஞானத்துக்குள் காலடி எடுத்து வைக்கிறது. அவர் வைத்த பெயர், அந்தெரிகம் கோமோசம். கோமோசம் என்றால் லத்தீனில் கொத்தாக முடி உள்ளது என்று அர்த்தம். குடுமிக்காரச் செடி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1862-ல் ஜாக் என்கிற பிரெஞ்சுத் தோட்டக்கலைஞர் முன்பாதியை மாற்றி, குளோரோஃபைட்டம் கோமோசம் ஆக்கினார். குளோரோஃபைட்டம் என்றால் கிரேக்க மொழியில் பச்சைச் செடி. ஒரு செடிக்குப் பச்சைச் செடி என்று பெயர் வைக்க எவ்வளவு பெரிய கற்பனை வேண்டும் பாருங்கள்! ஆனால் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

சரி, துன்பெர்க் வந்து பெயர் வைக்கிறவரைக்கும் அந்தச் செடி அங்கே சும்மாவா இருந்தது?

இல்லை. ஜூலு, ஷோசா போன்ற இனத்தவர்களை உள்ளடக்கிய ங்குனி மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தாயும் குழந்தையும் இருக்கும் அறைக்குள் இந்தச் செடியைக் கொண்டுவந்து வைப்பார்கள். காப்பு. எந்தக் கெடுதலும் அண்டாமலிருக்க. நம் பக்கம் வாசலில் வேப்பிலை செருகுகிற மாதிரிதான்.

ஆக, வீட்டுக்குள் வைத்தால் வீட்டில் உள்ளவர்களைக் காப்பாற்றும் என்கிற நம்பிக்கை இந்தச் செடிக்குப் புதிதல்ல. இதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாசா வரும்போது தேவைப்படும்.

*

அடுத்த காட்சி ஜெர்மனி. வைமர் நகரம். ஜெர்மானிய இலக்கியத்தின் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்படுகிற கதே அங்கேதான் வாழ்ந்தார். கவிஞர், நாடகாசிரியர், மந்திரி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மனிதர் ஒரு செடிப் பைத்தியம் என்பது பலருக்குத் தெரியாது. 1790-லேயே செடிகளின் உருமாற்றம் குறித்து ஒரு புத்தகம் எழுதியவர். இதழ், மகரந்தக் காம்பு என்று பூவில் நாம் தனித்தனியாகப் பார்ப்பதெல்லாம் அடிப்படையில் இலை எடுத்த வேறு வேறு வேஷங்களே என்பது அவருடைய கட்சி.

அப்படிப்பட்டவர் கண்ணில், கிட்டத்தட்ட எண்பது வயதில், நம் செடி பட்டது. 1828-ல் அதைக் கவனித்துக் குறிப்பு எழுதினார். காரணம், அந்தக் காம்புகள். அவை வேரோ கொடியோ அல்ல. பூக்காம்புகள். சின்னச் சின்னதாக, வெள்ளையாக, ஆறு இதழோடு பூக்கும். பூத்த அதே காம்பிலேயே இலைக்கொத்து கிளம்பி, அடியில் வேர் முளைக்கத் தயாராகச் சிறு முண்டுகளோடு ஒரு முழுச் செடியே உருவாகிவிடும். பூ வரவேண்டிய இடத்தில் குட்டி! இலைதான் எல்லாமாகவும் மாறுகிறது என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த கிழவருக்கு எப்படி இருந்திருக்கும்?

கதேக்கு இப்படிக் குட்டி போடுகிற செடிகள்மீது ஒரு தனிப் பிரியம். நம் ஊரில் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்பார்களே, இலை ஓரத்திலேயே கன்று முளைக்கிற ரணகள்ளி, அதையும் வளர்த்து சிநேகிதர்களுக்கு இலை இலையாக அனுப்பியிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. குட்டி என்பது பேச்சுக்குத்தான். மரபணு ரீதியில் அது தாய்ச்செடியின் அச்சுப் பிரதி. காட்டில் உள்ள ஸ்பைடர் பிளான்ட் முழுப் பச்சை. வெள்ளைக் கோடு போட்டது தோட்டக்காரர்கள் பொறுக்கியெடுத்த ரகம். கோடு போட்ட செடியின் விதையை விதைத்தால் கோடு வரும் என்று நம்பமுடியாது. குட்டியை வெட்டி நட்டால்தான் வரும். ஆகவே இன்றைக்கு உங்கள் பால்கனியில் இருக்கிற கோடு போட்ட செடிக்குப் பின்னால், யாரோ யாருக்கோ வெட்டிக் கொடுத்த ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது.

*

கதே செடியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே சமயத்தில் லண்டனில் ஒரு டாக்டர், செடி வளர்க்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். நதானியேல் பாக்‌ஷா வார்ட். கிழக்கு லண்டன்வாசி. வீட்டுக்குப் பின்னால் ஆசை ஆசையாகப் பெரணிச் செடி வைப்பார். அது கருகிச் செத்துப்போகும். மறுபடி வைப்பார். மறுபடி சாகும். குற்றவாளி யார்? காற்று. ஊரெல்லாம் நிலக்கரி எரித்த புகை.

1829-ல் ஒரு விட்டில் பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் வைத்து மூடினார். பூச்சி எப்படி வெளிவருகிறது என்று பார்க்க. பார்த்தால், உள்ளே மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருக்கின்றன! வெளியே செத்துப்போன அதே பெரணி வகையறா, மூடிய கண்ணாடிக்குள் சௌக்கியமாக இருக்கிறது. விஷயம் பிடிபட்டுவிட்டது. கண்ணாடிப் பெட்டி செய்தார். 1833-ல் செடிகளை வைத்து மூடி, கப்பலேற்றி, சிட்னிக்கே அனுப்பிப் பார்த்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. வார்டியன் பெட்டி என்று பெயரானது. இலங்கைக்கு 1876-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் நாற்றுகள் வந்ததுகூட இந்த மாதிரிப் பெட்டிகளில்தான்.

வெளியூர்ச் செடிகள் லண்டன் வரவேற்பறைகளுக்குள் கொலுவிருக்க ஆரம்பித்தது இப்படித்தான். 1845-ல் கண்ணாடி மீதான வரியை இங்கிலாந்து ரத்து செய்ய, பெட்டி வைத்துக்கொள்வது இன்னும் சுலபமானது. அங்கே செடியைக் காற்றிலிருந்து காப்பாற்றத்தான் மனிதன் பாடுபட்டான். செடி வந்து காற்றிலிருந்து தன்னைக் காப்பாற்றும் என்று அந்தக் கரிப்புகைக் காலத்தில் டாக்டர் வார்டிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அப்படிச் சொல்ல ஆள் வருவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

*

1973. இரண்டு சம்பவங்கள். ஒன்று, அமெரிக்கா ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தை மேலே அனுப்பியது. உள்ளே காற்றைச் சோதித்துப் பார்த்தால், நூற்றுக்கும் மேற்பட்ட ரசாயன ஆவிகள். பிளாஸ்டிக்கிலிருந்தும் பசையிலிருந்தும் கசிகிறவை. ஜன்னலைத் திறக்க முடியாத வீடு அது. என்ன செய்வது?

இரண்டாவது, அக்டோபரில் அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடை. பெட்ரோலிய விலை எகிறியது. எரிபொருளை மிச்சம் பிடிக்க அமெரிக்கர்கள் வீடுகளையும் ஆபீஸ்களையும் ஓட்டை ஒடிசல் இல்லாமல் அடைக்க ஆரம்பித்தார்கள். வெளிக்காற்று உள்ளே வராது. உள்காற்று வெளியே போகாது. கொஞ்ச நாளில் அந்தக் கட்டடங்களில் வேலை பார்த்தவர்களுக்குக் கண் எரிச்சல், தலைவலி, தொண்டைக் கமறல். அடைத்துவைத்த கட்டடமே நோயாளியாகிவிட்டது. முக்கியமான வில்லன்களில் ஒருவர், ஃபார்மால்டிஹைடு. பிளைவுட்டையும் மரத்தூள் பலகையையும் ஒட்டுகிற பசையிலிருந்து சத்தமில்லாமல் கசிகிற வாயு.

நாசாவில் பில் வுல்வர்ட்டன் என்று ஒரு விஞ்ஞானி. மிசிசிப்பியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை. அவர் இரண்டு பிரச்னைக்கும் ஒரே விடையைத் தேடினார். சிறிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிகள். உள்ளே ஒரு செடி. காற்றுப் புகாமல் மூடி, ஃபார்மால்டிஹைடைச் செலுத்தி, ஒரு நாள் கழித்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். 1984-ல் முடிவை வெளியிட்டார். அந்தப் பரிசோதனையின் கதாநாயகன், நம் ஸ்பைடர் பிளான்ட். பெட்டிக்குள் இருந்த வாயுவில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. 1989-ல் இன்னும் பல செடிகளை வைத்து இன்னொரு அறிக்கை. இம்முறை அமெரிக்கத் தோட்ட அலங்காரக் கான்ட்ராக்டர்களின் சங்கமும் கைகோத்துக்கொண்டது.

பிறகென்ன? கேட்கவா வேண்டும்? பத்திரிகைகள், புத்தகங்கள், நர்சரிகள், கடைசியாக வாட்ஸப். நாசா அங்கீகரித்த செடிகள் என்று ஒரு பட்டியல் இன்றுவரை உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பட்டியலில் காணாமல்போன ஒரே விஷயம், அந்த மூடிய பெட்டி. டாக்டர் வார்டின் பெட்டிக்குள் நடந்தது வெளியே நடக்கவில்லை அல்லவா? வுல்வர்ட்டனின் பெட்டிக்குள் நடந்ததும் அப்படியே.

2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸ், வாரிங் என்கிற இருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அதுவரை வந்திருந்த 12 ஆய்வுகள், 196 பரிசோதனைகள். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். சாதாரணமாக ஒரு கட்டடத்தில் கதவு, ஜன்னல், இடுக்கு வழியாக வெளிக்காற்று வந்துபோவதால் உள்ளே உள்ள ரசாயனம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் எத்தனை செடி வேண்டும்?

ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10. அதிகபட்சம் 1,000.

பத்தடிக்குப் பத்தடி பெட்ரூம் என்பது 9 சதுர மீட்டருக்குச் சற்று மேல். குறைந்தபட்சக் கணக்கே தொண்ணூறு தொட்டியைத் தாண்டுகிறது. கட்டிலை வெளியே போட்டுவிட்டு அடுக்கவேண்டியதுதான். மேல் கணக்குக்குப் போனால் ஒன்பதாயிரம். ஒரே ஒரு தொட்டி? ம்ஹும். ஒன்றும் நடக்காது.

*

போகட்டும், ஒரு செடிதானே, வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று விட்டுவிடலாமா? அங்கேதான் சிக்கல்.

புதிதாகக் குடிபோன ஃப்ளாட்டை யோசித்துப் பாருங்கள். புது பெயிண்ட். புது மாடுலர் கிச்சன். அலமாரியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற புதுப்பலகை வாசனை. அந்த வாசனையில் ஃபார்மால்டிஹைடுக்கும் பங்கு உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் முடிவு சொல்லியாயிற்று. இதற்குமேல் கொசுவர்த்தி. ஊதுபத்தி. தாளிக்கிற புகை. ஏசி போட்டதும் ஜன்னல் இறுக்கமாக மூடிவிடும். உள்ளே தொட்டிலில் கைக்குழந்தை. மூலையில் ஒரு ஸ்பைடர் பிளான்ட் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று பெற்றோருக்கு நிம்மதி.

ங்குனித் தாயின் அறையில் செடி வைத்தவர்களுக்கும் நமக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவர்கள் காப்பு என்றார்கள். நாம் நாசா என்கிறோம். தாயத்து ஒன்றுதான். கட்டியவர் வேறு.

செய்யவேண்டியது மிகச் சுலபம், காசும் கிடையாது. ஜன்னலைத் திறப்பது. கொசு வருமென்றால் வலை அடிப்பது. ரோட்டோர வீடென்றால் போக்குவரத்து ஓய்ந்த நேரம் பார்த்துத் திறப்பது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது. புது அலமாரிகளைச் சில வாரங்கள் திறந்துபோட்டுக் காற்றாடவிடுவது. செடி செய்யும் என்று நினைத்த வேலையை இவை நிஜமாகவே செய்யும்.

*

அப்படியானால் ஸ்பைடர் பிளான்ட் வேண்டாமா? யார் சொன்னது? தாராளமாக வையுங்கள். இதைவிட சாதுவான செடி கிடைப்பது கஷ்டம். நாய் பூனை கடித்தாலும் விஷமில்லை. ஆனால் வேலைக்கு வைக்காதீர்கள். வளர்க்க வையுங்கள். எப்படி வளர்ப்பது என்பதற்கும் அதன் ஜாதகத்திலேயே பதில் இருக்கிறது.

முதலில் தண்ணீர். தொட்டியிலிருந்து ஒருதரம் வெளியே எடுத்துப் பாருங்கள். வேரெல்லாம் தடித்தடியாக, வெள்ளையாக, குட்டிக் கிழங்கு மாதிரி இருக்கும். நம் தண்ணீர்விட்டான் கிழங்கு இதற்குத் தூரத்துச் சொந்தம். ஒரே குடும்பம். மழை இல்லாத நாட்களுக்காகச் சேர்த்துவைக்கிற ஏற்பாடு அது. இரண்டு மூன்று நாள் நீங்கள் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. தினமும் ஊற்றினால்தான் அழுகிச் சாகும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடிகிற அளவு ஊற்றுங்கள். துளையில்லாத அழகுத் தொட்டி வேண்டவே வேண்டாம்.

அடுத்து, எல்லோரும் கேட்கிற கேள்வி. இலை நுனி ஏன் பழுப்பாகக் காய்கிறது? பெரும்பாலும் தண்ணீர் குறைவினால் அல்ல, தண்ணீரில் உள்ள உப்பினால். முக்கியமாக ஃப்ளோரைடு. தண்ணீரோடு மேலேறி, இலை நுனியில் தண்ணீர் ஆவியாகிப் போக, இது மட்டும் அங்கேயே தங்கித் தங்கி இலையைக் கருக்கிவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீர் குடித்தவர்களின் பல்லில் கறை ஏற்றியதும் இதே ஃப்ளோரைடுதான். ராத்திரி முழுக்கத் திறந்துவைத்தால் குளோரின் போகும். ஃப்ளோரைடு போகாது. ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்கவேண்டாமே என்று இதற்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. அதில்தான் உப்பெல்லாம் திரண்டிருக்கும். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மழைத் தண்ணீர் உத்தமம். இல்லாவிட்டால் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம். அதில் உப்பு அநேகமாகக் கிடையாது. மண்மேல் வெள்ளை பூத்திருந்தால், நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி ஒருமுறை வடியவிடுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரத்தைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். அதிலும் ஃப்ளோரைடு உண்டு.

வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். நம் ஊர் மதிய வெயில் நேராக விழுந்தால் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும். கிழக்கு ஜன்னல் இருந்தால் ராஜயோகம். உரம் கொஞ்சமாகப் போதும். கூடிப்போனால் இலைதான் கொழுக்கும், குட்டி குறையும். கிழங்கு வேர் தொட்டியை அடைத்துச் செடியை மேலே தள்ள ஆரம்பித்தால், ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். அல்லது இரண்டாகப் பிரித்து நடுங்கள்.

குட்டியே வரவில்லை என்று சிலர் புலம்புவார்கள். பகல் 12 மணி நேரத்துக்குக் குறைவாக, சில வாரங்கள் தொடர்ந்து இருந்தால் அது காம்பு விடும். நம் ஊரில் ஐப்பசியிலிருந்து மாசிவரை அந்தக் காலம். ராத்திரி பதினொரு மணிவரை டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கிற செடிக்குப் பகல் எப்போது முடிகிறது என்று எப்படித் தெரியும்? பால்கனிக்கு நகர்த்திப் பாருங்கள்.

குட்டி வந்துவிட்டதா? அவசரப்பட்டு வெட்டவேண்டாம். தாயோடு இருக்கும்போதே பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியை வைத்து, அதன் அடி முண்டுகள் மண்ணில் படும்படி உட்காரவையுங்கள். சில வாரத்தில் வேர் பிடித்துவிடும். லேசாக இழுத்தால் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்போது காம்பை வெட்டலாம்.

வெட்டியதை எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். ‘இது ஏர் பியூரிஃபையராமே, நாசாகூட...’ என்று அவர் ஆரம்பித்தால், கேப் கதையெல்லாம் சொல்லி அறுக்கவேண்டாம். ‘ஆமாம், ஜன்னலோரமா வைங்க. ஜன்னலை மட்டும் திறந்தே வைங்க’ என்று சொல்லி அனுப்புங்கள்.